பழம் எடுக்கும் காலத்திலும் நிற்கும் செபம்

கேள்வி: ஸ்தோத்திரம் சாமி. கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் வசிக்கிறேன். வயது 43. இரண்டு ஏக்கர் காப்பித் தோட்டம் இருக்கிறது. ஊடே மிளகும் மலைவாழையும் உண்டு. கணவர் ஜீப் ஓட்டுகிறார். மாமியார் ஓராண்டாகப் படுக்கையில் இருக்கிறார். மகன் பன்னிரண்டாம் வகுப்பும் மகள் எட்டாம் வகுப்பும் படிக்கிறார்கள். கடந்த தவக்காலத்தில் மூன்று நாள் தியானத்திற்குச் சென்றிருந்தேன். கடைசி நாளில் எல்லாரும் கைகளை உயர்த்தி வாக்குக் கொடுத்தோம்: காலை நான்கு மணிக்கு எழுந்து ஒரு மணி நேரச் செபம், நாள்தோறும் 153 மணி செபமாலை, விவிலியத்தில் மூன்று அதிகாரம். உயிர்ப்புப் பெருவிழா வரை எப்படியோ ஓடியது. பிறகு செபமாலையைக் கையில் பிடித்தபடியே தூங்கத் தொடங்கினேன். இப்போது பழம் எடுப்புத் தொடங்கிவிட்டதால் எதுவுமே இல்லை. மகன் குடும்பச் செபத்திற்கு உட்கார மறுக்கிறான். எங்கள் கிளைப்பங்கில் மாதம் இரண்டு ஞாயிறுதான் பூசை. கடவுளுக்குக் கொடுத்த வாக்கை முறித்துவிட்டேன் என்ற பயம் அரிக்கிறது. என்னைப் போன்றவளுக்கு அன்றாட ஆன்மிக வாழ்வு என்று ஒன்று உண்டா?

பதில்: அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் பல கேள்விகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தாலும், எல்லாவற்றிற்கும் அடியில் இருப்பது அந்த வாக்கைப் பற்றிய பயமே என்பதால், அதை முதலில் தீர்த்துக்கொள்வோம். கடவுளுக்குச் செய்யும் பொருத்தனை வேறு, மனத்தில் எடுக்கும் தீர்மானம் வேறு. நன்கு சிந்தித்து, முழுச் சுதந்திரத்தோடு, நம்மால் செய்யக்கூடிய ஒரு நன்மையைக் கடவுளுக்கென்று கடமையாக ஏற்றுக்கொள்வதையே திருச்சபைச் சட்டம் (எண் 1191) பொருத்தனை என்கிறது. தியானத்தின் கடைசி மணி நேரத்தில், பாட்டும் கண்ணீருமாக இருந்த கூட்டத்தின் நடுவே, பக்கத்தில் இருந்தவர்கள் கையை உயர்த்தியதால் நீங்களும் உயர்த்தியது பெரும்பாலும் தீர்மானமே. தீர்மானம் கைநழுவினால் வருத்தம் வரலாம். அதை மறுபடியும் எடுக்கலாம், மாற்றியும் அமைக்கலாம். அது நழுவியதே பாவமாகிவிடாது. உண்மையாகவே பொருத்தனை செய்யும் எண்ணத்தோடுதான் வாக்குக் கொடுத்தேன் என்று உங்கள் மனச்சாட்சி சொல்லுமானால், அதற்கும் வழி இருக்கிறது: தனிப்பட்ட பொருத்தனையிலிருந்து தக்க காரணத்திற்காக விடுவிக்கும் அதிகாரத்தைச் சட்டம் (எண் 1196) பங்குத்தந்தைக்கே கொடுத்திருக்கிறது. அடுத்த முறை அவர் பூசைக்கு வரும்போது இரண்டு நிமிடம் பேசினால் போதும். இதற்காக இனி ஓர் இரவுகூட நீங்கள் கலங்க வேண்டியதில்லை.

இன்னொரு பயத்தையும் இதோடு சேர்த்து இறக்கி வைத்துவிடலாம். குரு வராத காரணத்தாலோ வேறு முக்கியமான காரணத்தாலோ ஞாயிறு திருப்பலியில் பங்கேற்க முடியாதபோது, கோவிலில் நடக்கும் இறைவார்த்தை வழிபாட்டில் கலந்துகொள்ளும்படியும், தனியாகவோ குடும்பமாகவோ போதிய நேரம் செபிக்கும்படியும் சட்டம் (எண் 1248) பரிந்துரைக்கிறது. ஆகவே பூசை இல்லாத ஞாயிறுகளில் உபதேசியார் நடத்தும் வழிபாட்டுக்குச் செல்லுங்கள். மாமியாரை விட்டு நகர முடியாத நாளில் வீட்டிலேயே அந்த ஞாயிற்றின் நற்செய்தியை உரக்க வாசியுங்கள். செபமாலையைப் பொறுத்தவரை, நாள்தோறும் சொல்ல வேண்டும் என்று திருச்சபை யார் மேலும் கட்டளை சுமத்தவில்லை என்பதைப் பலர் அறியாமலே குற்ற உணர்வில் வாழ்கிறார்கள். அது திருச்சபை மிக விரும்பிப் பரிந்துரைக்கும் பக்தி முயற்சி. கட்டளையையும் பக்தி முயற்சியையும் ஒரே தராசில் வைத்துப் பார்க்கும்போதுதான் உங்களைப் போன்ற நல்ல மனங்கள் ஒடிந்துபோகின்றன.

இனி உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். ஆகஸ்ட் 15 திருவிழாவுக்கு நீங்கள் கொடைக்கானல் சலேத் மாதா கோவிலுக்கு ஒருமுறையாவது சென்றிருப்பீர்கள். தேரையும் மெழுகுதிரிகளையும் நினைவில் வைத்திருக்கும் நாம், அந்த மாதா சொன்ன செய்தியை ஏனோ நினைவில் வைப்பதில்லை. பிரான்சு நாட்டின் ஆல்ப்ஸ் மலையில் உள்ள சலேத் என்ற ஊரில், 1846 செப்டம்பர் 19 அன்று, மாடு மேய்த்துக்கொண்டிருந்த மெலானி, மாக்சிமின் என்ற இரண்டு ஏழைப் பிள்ளைகளுக்கு அன்னை அழுதபடி காட்சி கொடுத்தார்; மலைக்காரப் பிள்ளைகளோடு உருளைக்கிழங்கு அழுகிப்போவதைப் பற்றிக்கூடப் பேசினார். செபங்களை நன்றாகச் சொல்கிறீர்களா என்று அவர் கேட்டபோது, அவ்வளவாகச் சொல்வதில்லை என்று பிள்ளைகள் ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார்கள். அதற்கு அவர், காலையிலும் இரவிலும் செபிக்க வேண்டும், அதற்குமேல் முடியாத நாளில் ஒரு பரலோக மந்திரமும் ஓர் அருள்நிறை மந்திரமுமாவது சொல்லுங்கள், நேரம் கிடைக்கும்போது இன்னும் அதிகமாகச் சொல்லுங்கள் என்றார். காலையில் ஒன்று, இரவில் ஒன்று: கண்ணீரோடு வந்த விண்ணக அரசியே கேட்ட குறைந்த அளவு இவ்வளவுதான். தியானம் முடிந்து வீடு திரும்பும் ஒவ்வொருவர் கையிலும் இந்த அளவைத்தான் கொடுத்தனுப்ப வேண்டும் என்று எனக்குத் தோன்றும். நான்கு மணிக்கு எழச் சொல்வதற்குப் பதில், பழம் எடுக்கும் காலத்திலும், மழை விடாமல் பெய்யும் ஐப்பசியிலும், மாமியாருக்கு மூச்சுத் திணறும் இரவிலும் விடுபடாமல் நிற்கக்கூடிய ஒன்று எது என்று கேட்டிருக்க வேண்டும்.

நீங்கள் விழுந்ததற்குக் காரணம் விசுவாசக் குறைவு என்று நான் கருதவில்லை. மடத்துத் துறவி ஒருவருக்கு ஏற்ற கால அட்டவணையை, இரண்டு ஏக்கர் தோட்டமும் ஒரு படுக்கை நோயாளியும் உள்ள வீட்டில் கொண்டுவந்து மாட்டினீர்கள், ஆணி தாங்கவில்லை. புனித பிரான்சிஸ் சலேசியார் 1609இல் இல்லறத்தாருக்கென்றே எழுதிய நூலில் இதைச் சற்றுக் கிண்டலாகவே கேட்கிறார்: ஆயர் ஒருவர் தனிமை மடத்துத் துறவியைப் போல் வாழ விரும்புவதும், மணமானவர்கள் கப்புச்சின் சபையாரைப் போல் பொருள் சேர்க்க மறுப்பதும், கைத்தொழிலாளி நாள் முழுவதும் கோவிலிலேயே இருப்பதும் ஏற்றதாக இருக்குமா? அப்படிப்பட்ட பக்தி கேலிக்குரியது, ஒழுங்கற்றது, தாங்க முடியாதது என்பது அவருடைய முடிவு. அவரவர் நிலைக்கும் வலுவுக்கும் கடமைக்கும் ஏற்றதாக இருப்பதே உண்மையான பக்தி.

ஆகவே புதிய நேரம் எதையும் தேடாதீர்கள். தேடினாலும் உங்கள் நாளில் அது இல்லை. எப்படியும் நடந்தே தீரும் வேலைகளின் தொடக்கத்தில் செபத்தை முடிச்சுப் போட்டு வையுங்கள். காலையில் எழுந்ததும் நீங்கள் தவறாமல் செய்வது அடுப்பைப் பற்றவைப்பது. அடுப்பில் கை வைக்கும் முன் சிலுவை அடையாளம் வரைந்து, ஒரு பரலோக மந்திரமும் ஓர் அருள்நிறை மந்திரமும் சொல்லுங்கள். தண்ணீர் கொதிக்கும்வரை நின்றபடியே அந்த நாளை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுங்கள். அச்சிட்ட செபம் வேண்டியதில்லை. இன்று இத்தனை பேர் பழம் எடுக்க வருகிறார்கள், மகனுக்குத் தேர்வு இருக்கிறது, மாமியாருக்கு மருந்து வாங்க வேண்டும், இவை எல்லாம் உம்முடையவை என்று சொன்னால் போதும்.

இந்தக் காலை ஒப்புக்கொடுத்தலுக்கு ஒரு வரலாறு உண்டு. 1844இல் பிரான்சு நாட்டின் வால்ஸ் என்ற ஊரில் படித்துக்கொண்டிருந்த இளம் இயேசு சபை மாணவர்களுக்குப் படிப்பில் மனம் ஒட்டவில்லை. தூர நாடுகளில் மறைப்பணி செய்யும் ஆசை அவர்களை உருக்கிக்கொண்டிருந்தது. பிரெஞ்சு இயேசு சபையினர் நம்முடைய மதுரை மறைப்பணித் தளத்திற்கு மீண்டும் ஆள் அனுப்பத் தொடங்கிச் சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. அவர்களுடைய ஆன்ம குருவாகிய கோத்ரலே அடிகளார், நீங்கள் போக முடியாத இடத்திற்கு உங்கள் இன்றைய பாடமும் அலுப்பும் செபமாகப் போகட்டும், அவற்றைக் காலையிலேயே ஒப்புக்கொடுங்கள் என்று சொல்லிக்கொடுத்தார். இன்று உலகெங்கும் பரவியுள்ள செபத் திருத்தூதுப்பணி இயக்கம் அப்படித்தான் பிறந்தது. வேறெங்கோ இருந்தால் நன்றாகச் செபிக்கலாமே என்று ஏங்கியவர்களுக்காக உருவான செபம் என்பதால்தான் உங்களுக்கு அதை முதலில் சொல்கிறேன்.

இங்கே ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். வேலையே செபம், தனியாகச் செபிக்க வேண்டியதில்லை என்று சிலர் உங்களுக்கு ஆறுதல் சொல்லக்கூடும். எனக்கு அந்த ஆறுதலில் முழு உடன்பாடு இல்லை. பானை சட்டிகளுக்கு நடுவிலும் ஆண்டவர் உலவுகிறார் என்று அவிலா நகர்ப் புனித தெரசா தம் சகோதரிகளுக்கு எழுதியது உண்மை. ஆனால் அதை எழுதியவர் நாள்தோறும் செபத்திற்காக நின்றவர். முழுவதுமாக நிற்கும் இரண்டு நிமிடம் எங்காவது இருந்தால்தான் மற்ற மணி நேரங்களின் வேலை செபமாக மாறும். அந்த நிமிடங்களும் போய்விட்டால் வேலை வேலையாகத்தான் இருக்கிறது, அதுவும் முணுமுணுப்போடு கூடிய வேலையாக.

நண்பகலுக்கு மூவேளைச் செபம் இருக்கிறது. காலை, நண்பகல், மாலை என மூன்று வேளை கோவில் மணி ஒலிக்க, நின்ற இடத்திலேயே சொல்லும் அச்செபம் உழவரும் இடையரும் வீட்டுப் பெண்களும் சொல்வதற்கென்றே அமைந்தது போலச் சிறியது: மூன்று அருள்நிறை மந்திரம், இடையிடையே வானதூதரின் செய்தியைச் சொல்லும் சிறு வரிகள், முடிவில் ஒரு மன்றாட்டு. தோட்டத்தில் பழச் சாக்கை இறக்கி வைத்துவிட்டுச் சோற்று வாளியைத் திறக்கும் நேரத்தோடு அதை இணைத்துக்கொள்ளுங்கள். வேலைக்கு வந்திருப்பவர்களில் மற்றச் சமயத்தாரும் இருப்பார்களே என்று கூச வேண்டாம். உரக்கச் சொல்ல வேண்டிய தேவை இல்லை. மறந்துபோனால் மறுநாள் சொல்லலாம்; விட்டதைச் சேர்த்துச் சொல்லிக் கணக்கைத் தீர்க்க முயலாதீர்கள்.

மாலைக்கு 153 மணியை விட்டுவிடுங்கள். இப்போதைக்கு 53ஐயும் விட்டுவிடுங்கள். ஒரே ஒரு பத்து, அதாவது பத்து அருள்நிறை மந்திரம், மாமியாரின் கட்டிலருகே. அதற்கு நான்கு நிமிடம் ஆகும். இயேசு, மரியா வாழ்வின் நிகழ்வுகளைத் தியானிக்க, திங்கள், சனியில் மகிழ்ச்சி மறையுண்மைகள், செவ்வாய், வெள்ளியில் துயர், வியாழனில் ஒளி, புதன், ஞாயிறில் மகிமை என்ற வழக்கமான வரிசையில் அந்தந்த நாளுக்குரியவற்றில் ஒன்றை எடுத்துக்கொண்டால் போதும். ஒளி மறையுண்மைகள் 2002இல்தான் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் சேர்த்தவை என்பதால் உங்கள் மாமியாருக்கு அவை பழக்கமில்லாமல் இருக்கலாம். அவருக்குத் தெரிந்ததையே சொல்லுங்கள். படுக்கையில் இருக்கும் முதியவர்களுக்குப் பேச்சுக் குழறினாலும் சிறுவயதில் பாடம் செய்த மந்திரங்கள் பிசகாமல் வருவதை நான் பல வீடுகளில் கண்டிருக்கிறேன். முடிந்ததும் அவர் நெற்றியில் சிலுவை அடையாளம் வரையுங்கள். அந்த வீட்டில் செபிக்கக் கற்றுக்கொடுக்க இன்னும் ஒருவர் இருக்கிறார் என்பதை உங்கள் பிள்ளைகள் அப்போது பார்ப்பார்கள்.

மகனைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. பதினேழு வயதுப் பையனை அரை மணி நேரம் கட்டாயப்படுத்தி உட்காரவைத்தால் அவன் செபத்தை வெறுக்கத்தான் கற்றுக்கொள்வான். நான்கு நிமிடம் என்றால் வரலாம். வராவிட்டால், இன்று உனக்காக என்ன வேண்டிக்கொள்ளட்டும் என்று மட்டும் கேட்டுவிட்டுப் போங்கள். பதில் சொல்லாத பிள்ளைகள்கூட அந்தக் கேள்விக்குக் காத்திருப்பார்கள்.

விவிலியம் நாளுக்கு மூன்று அதிகாரம் என்பது படிப்பவருக்கு ஏற்ற அளவு. களத்தில் காப்பி காயவைத்துவிட்டு வருபவருக்கு ஏற்றதன்று. பூசை இல்லாத ஞாயிறுகள் உங்களுக்கு இருப்பதால் நான் வேறொரு வழியைச் சொல்கிறேன். வரப்போகும் ஞாயிற்றின் நற்செய்திப் பகுதி எது என்பதை உபதேசியாரிடமோ திருவழிபாட்டு நாள்காட்டியிலோ கேட்டறிந்து, அந்த ஒரே பகுதியைத் திங்கள் முதல் சனி வரை நாளுக்கு ஒருமுறை வாசியுங்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டில் கார்த்தூசியத் துறவி இரண்டாம் குய்கோ இறைவாசிப்பை நான்கு படிகளாகச் சொன்னார்: வாசித்தல், அசைபோடுதல், மன்றாடுதல், அமைதியில் ஆண்டவரோடு தங்குதல். ஒரே நாளில் நான்கு படியும் ஏற வேண்டியதில்லை. திங்களன்று வெறுமனே வாசியுங்கள். புதனன்று ஏதாவது ஒரு சொல் ஒட்டிக்கொள்ளும். அதைத் தோட்டத்திற்கு எடுத்துச் செல்லுங்கள். சனிக்கிழமைக்குள் மகள் அந்தப் பகுதியை மனப்பாடமாகவே சொல்லிவிடுவாள். குரு வந்தாலும் வராவிட்டாலும் ஞாயிறன்று நீங்கள் அந்த நற்செய்திக்கு அந்நியராக இருக்க மாட்டீர்கள்.

இரவுக்கு, இயேசு சபையைத் தொடங்கிய புனித இஞ்ஞாசியார் கற்பித்த ஆத்தும சோதனை. நீங்கள் கைவிடக் கூடாது என்று நான் கெஞ்சிக் கேட்பது ஒன்று உண்டென்றால் அது இதுதான். ஆத்தும சோதனை என்றதும் பாவங்களைத் தேடிக் கிளறுவது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அவர் தரும் ஐந்து படிகளில் முதலாவது நன்றி சொல்வது. பிறகு பாவத்தை அறிய அருள் கேட்பது, எழுந்ததிலிருந்து அந்த நேரம் வரை நாளைத் திரும்பிப் பார்ப்பது, மன்னிப்புக் கேட்பது, நாளைக்கு அருளோடு ஒரு திருத்தம் எண்ணிக்கொள்வது. முடிவில் ஒரு பரலோக மந்திரம். செண்பகனூரில், 1895இல் தொடங்கிய திருஇருதயக் கல்லூரி வளாகத்தில், எனக்கு வழிகாட்டிய முதிய இயேசு சபைத் தந்தை ஒருவர், நாளைத் திரும்பிப் பார்ப்பது மலைப்பாதையில் வண்டி ஓட்டுபவர் வளைவுக் கண்ணாடியைப் பார்ப்பது போல என்பார். நின்று பார்த்துக்கொண்டே இருந்தால் பின்னால் வருபவன் மோதிவிடுவான் என்று சொல்லிச் சிரிப்பார். ஐந்து நிமிடத்திற்கு மேல் வேண்டாம். உங்களுக்குப் படுக்கையில்தான் நேரம் என்றால் படுக்கையிலேயே செய்யுங்கள்.

தூங்கிவிடுவீர்கள் என்பது எனக்குத் தெரியும். லிசியே நகர்ப் புனித தெரசா, பதினைந்து வயதில் கார்மேல் மடத்தில் சேர்ந்தவர், ஏழு ஆண்டுகளாகச் செப நேரத்தில் தாம் தூங்கிவிடுவதற்காக வருந்த வேண்டியவள்தான், ஆனாலும் வருந்தவில்லை என்று எழுதியிருக்கிறார். பிள்ளைகள் விழித்திருக்கும்போது போலவே தூங்கும்போதும் பெற்றோருக்கு இனியவர்கள் என்பதை எண்ணிக்கொள்வாராம். மருத்துவர்கள் அறுவை சிகிச்சைக்கு முன் நோயாளியை உறங்கவைப்பதையும் நினைத்துக்கொள்வாராம். அவர் இன்று திருச்சபையின் மறைவல்லுநர். கையில் செபமாலையோடு தூங்கிப்போனதை இனி நீங்கள் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டாம். நான்கு மணிக்கு எழுந்த உடம்பு இரவு பத்து மணிக்குச் சாய்வதில் பாவம் ஏதும் இல்லை.

இவ்வளவு குறைத்துக்கொண்டாலும் சில நாள்கள் விடுபடும். எனக்கும் விடுபட்டிருக்கிறது. மலைக்கு வந்த முதல் மார்கழியில், குளிருக்குப் பயந்து போர்வைக்குள்ளிருந்தே காலைத் திருப்புகழ்மாலையைச் சொல்லத் தொடங்கி, பாதியில் உறங்கி, ஒரு வாரத்தில் அதை முற்றிலும் விட்டுவிட்டேன். நான் செய்த பெரிய தவறு விட்டது அன்று. வருகிற திங்கள் முதல் ஒழுங்காகத் தொடங்கலாம் என்று தள்ளிப்போட்டதே. திங்கள் வரக் காத்திருக்காதீர்கள். புதன் மதியம் நினைவுக்கு வந்தால் புதன் மதியமே ஓர் அருள்நிறை மந்திரம் சொல்லுங்கள். கவனம் சிதறும்போதும் அப்படியே: மனத்தைக் கடிந்துகொள்ளாமல் மெதுவாகத் திருப்பிக் கொண்டுவரும்படி பிரான்சிஸ் சலேசியார் சொல்வார்.

ஒப்புரவு அருட்சாதனத்திற்கு ஆண்டுக்கு ஒருமுறை என்ற கடைசி எல்லைவரை காத்திருக்காமல், பங்குத்தந்தை பூசைக்கு வரும் இரண்டு ஞாயிறுகளில் ஒன்றில், கால் மணி நேரம் முன்னதாகக் கோவிலுக்குச் செல்லுங்கள். முன்கூட்டியே உபதேசியாரிடம் சொல்லிவைத்தால் குருவும் சற்று முன்னதாக வருவார். அதே நாளில் மாமியாருக்கு வீட்டிற்கே நற்கருணை கொண்டுவரும்படி கேளுங்கள். அவருக்காக உணவு நேரத்தை மாற்ற வேண்டியதில்லை. நோயாளிகளுக்கும் முதியவர்களுக்கும் அவர்களைப் பராமரிப்பவர்களுக்கும் நற்கருணைக்கு முந்தைய ஒரு மணி நேர நோன்பிலிருந்து சட்டம் (எண் 919) விலக்கு அளிக்கிறது. நீங்களும் அந்தப் பராமரிப்பவரில் ஒருவர் என்பதை மறந்துவிடாதீர்கள்.

பழம் எடுப்பு முடிந்து, பழத்தோல் உரிக்கும் பல்பரைக் கழுவி வைத்துவிட்டு, களம் காலியான பிறகு எனக்கு மறுபடியும் எழுதுங்கள். அடுப்படிச் செபமும் இரவின் ஐந்து நிமிடமும் அப்போதும் நிற்கின்றனவா என்று சொல்லுங்கள். நின்றால், மாமியாரின் கட்டிலருகே சொல்லும் ஒரு பத்தை ஐந்து பத்தாக்குவதைப் பற்றி அப்போது பேசலாம்.